பொன்னும் பொழுதும்

முதுமைக்கென்று சேர்த்த பொன்னை என்ன செய்வது? ஓய்வு பெற்றோர் பலர் தம்முள் கேட்டுக்கொள்ளும் வினா இது. ஏறினாலும் இறங்கினாலும் இறுதிவரை வைத்திருப்பதே நலம் என்பர் ஒரு சாரார். உச்சத்தில் விற்று, தாழ்வில் மீண்டும் வாங்குவதே அறிவு என்பர் மறுசாரார். கணக்கு வழக்காகத் தோன்றும் இவ்வினாவின் அடியில் அறவினா ஒன்றும் கிடக்கிறது.

பொழுது பார்த்து விற்போரின் கட்சியை முதலில் நோக்குவோம். 1980 சனவரி 21 அன்று இலண்டன் சந்தையில் ஓர் அவுன்சுப் பொன் 850 டாலருக்கு உயர்ந்தது. இரண்டரை ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 300 டாலருக்கு இறங்கிற்று. உச்சம் கடந்த பின்னரே அது உச்சமெனத் தெரிகிறது. தாழ்வும் அவ்வாறே. பிரித்தானிய அரசு தன் கையிருப்பைப் பலவாகப் பிரித்து வைக்கும் நோக்கில், 1999 முதல் 2002 வரை ஏறத்தாழ 395 டன் பொன்னை ஏலத்தில் விற்றது. கிடைத்த சராசரி விலை அவுன்சுக்குச் சுமார் 275 டாலர். 2011இலோ விலை 1,900 டாலரை ஒட்டி நின்றது. வல்லுநர் சூழ்ந்த கருவூலத்துக்கே புலப்படாத பொழுது, நாளிதழின் விலைப்பட்டியலை நம்பும் முதியவருக்குப் புலப்படுமோ? மேலும், நம் இல்லங்களில் பொன் பெரும்பாலும் நகையாகவே இருக்கிறது. விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா. மீண்டும் வாங்கும்போது அவற்றை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

அப்படியாயின், விடாது வைத்திருப்பதே வழியோ? 1980இன் உச்சத்தில் வாங்கியவர், தாம் கொடுத்த டாலர்த் தொகையை மீண்டும் காண 2008வரை காத்திருந்தார். அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு அப்போது அகவை 88. இடையில் அப்பொன் வட்டியாக ஒரு காசும் ஈனவில்லை. ரூபாயின் மதிப்பு தொடர்ந்து வீழ்ந்தமையால் நம் நாட்டில் இவ்வீழ்ச்சி அவ்வளவாக உணரப்படவில்லை. பொன் ஒருநாளும் ஏமாற்றாது என்னும் நம்பிக்கை இங்கு வேரூன்ற அதுவும் ஒரு காரணமாகும். பொன்னுக்குக் காத்திருக்க நூற்றாண்டுகள் உண்டு, மனிதருக்கு இல்லை.

இங்கேதான் அறவினா எழுகிறது. பொன் நமக்காகவா, நாம் பொன்னுக்காகவா? கண்புரை அறுவைச் சிகிச்சையை, விலை இன்னும் சற்று ஏறட்டும் என்று தள்ளிப்போடுபவர், மங்கிய கண்ணோடு பெட்டிக்குக் காவல் இருக்கிறார். பெட்டியில் பொன்னை வைத்துக்கொண்டு மருத்துவச் செலவுக்கு மகனைக் கடன் வாங்கச் செய்பவரும் அத்தகையவரே. நற்செய்தி உவமையில் தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைப் புதைக்கத் தூண்டியது அச்சமே என்பதை நாம் மறத்தலாகாது. பொறுமை எனப் பெயர் பூண்டு நிற்பது சில வேளைகளில் அச்சம்; சில வேளைகளில் பற்று. விற்கத் துடிப்பவரும் விடுதலை பெற்றவர் அல்லர். அவருடைய மகிழ்வும் துயரும் அன்றாட விலையோடு ஏறி இறங்குகின்றன.

எனவே, விற்கும் நாளைச் சந்தை குறிக்க வேண்டாம், தேவை குறிக்கட்டும். சில ஆண்டுகளின் அன்றாடச் செலவுக்கான தொகை வங்கியிலோ அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலோ இருக்குமாயின், அரிசிக்கும் மருந்துக்கும் தாழ்ந்த விலையில் பொன்னை விற்க நேராது. சேமிப்பு முழுவதும் பொன்னாக இராமல், அதில் ஒரு பங்கே பொன்னாக இருத்தல் போதும். அது பெருநோய்க்கோ, வீட்டுப் பழுதுக்கோ, பேத்தியின் கல்விக்கோ என்பதை வாழ்க்கைத் துணையிடமும் பிள்ளைகளிடமும் இன்றே சொல்லி வைப்போம். அத்தேவை வந்த நாளில் அன்றைய விலைக்கு விற்று விடுவோம். மறுநாள் விலை ஏறினும் இழந்தோம் என்று வருந்த வேண்டியதில்லை. எதற்காகச் சேர்த்தோமோ அதற்கே அப்பொன் பயன்பட்டது.