தொழில் விசாவும் மனித சுதந்திரமும்: ஓர் அறவியல் நோக்கு

பிறந்த நாட்டை விட்டுப் பிறநாட்டிற்குத் தொழில் தேடிச் செல்லுதல் இன்று எமது சமூகத்தில் விதிவிலக்கன்று, வழக்கமாகவே ஆகிவிட்டது. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைவாய்ப்புக்காக வெளிநாடு சென்றனர். எந்த நாட்டு விசா இலகுவானது, அதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பன எமது விடுதிகளில் அன்றாடப் பேச்சாகியுள்ளன. இவ்வினாக்கள் பயனுள்ளவையே. ஆயினும் இவற்றுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு. விசாவொன்று எமக்கு எதனைத் தருகின்றது? அதற்கு ஈடாக எம்மிடமிருந்து எதனைப் பெற்றுக்கொள்கின்றது? இவ்வினாவை அறவியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில் விசாக்களின் பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடினும், அவற்றைப் பெரும்பாலும் இரு வகையுள் அடக்கலாம். முதலாவது வகையில் உரிமை மனிதனைச் சார்ந்து நிற்கின்றது. கனடா 1967இல் அறிமுகஞ்செய்த புள்ளி முறை இதற்குத் தக்க உதாரணமாகும். வயது, கல்வி, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. தெரிவாகி நிரந்தர வதிவுரிமை பெற்றவர் ஒரு தொழிலை விட்டு மற்றொன்றுக்குச் செல்லத் தடையில்லை. இரண்டாவது வகையில் உரிமை தொழில்தருநரைச் சார்ந்து நிற்கின்றது. பிரித்தானியாவின் தேர்ச்சிபெற்ற தொழிலாளர் விசா, அனுமதிபெற்ற ஒரு நிறுவனத்தின் அனுசரணையுடனேயே வழங்கப்படுகின்றது. அத்தொழில் இழக்கப்படின், வேறொரு அனுசரணையாளரைத் தேடிக்கொள்ளப் பொதுவாக அறுபது நாட்களே கிடைக்கின்றன. அமெரிக்காவின் எச்-1பி விசாவிலும் தொழில் இழந்தோருக்குரிய அவகாசம் அறுபது நாட்களைத் தாண்டுவதில்லை.

இவ்விரண்டாம் வகையின் கடுமையான வடிவமே வளைகுடா நாடுகளில் வேரூன்றிய 'கஃபாலா' முறையாகும். அதன் பழைய வடிவில், தொழிலாளி நாட்டினுள் நுழைவதும், தங்குவதும், தொழில் மாறுவதும், சில நாடுகளில் நாட்டைவிட்டு வெளியேறுவதுங்கூட 'கஃபீல்' எனப்படும் அனுசரணையாளரின் சம்மதத்திலேயே தங்கியிருந்தன. அவரது அனுமதியின்றி வேலையிலிருந்து விலகியவர் 'தப்பியோடியவர்' என முறையிடப்பட்டால், அவரது வதிவுரிமையே செல்லாததாகிவிடும். கட்டார் 2020இல் தொழில்தருநரின் ஆட்சேபனையின்மைச் சான்றிதழின்றியே தொழில் மாற இடமளித்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தமோ வீட்டுப் பணியாளரை உள்ளடக்கவில்லை. எமது நாட்டுப் பெண்கள் பல்லாண்டுகளாகப் பெருந்தொகையாகச் சென்ற தொழில் அதுவேயென்பது ஈண்டு கருத்திற்கொள்ளத்தக்கது.

இம்முறையை ஆதரித்து முன்வைக்கப்படும் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. எவரும் பலவந்தமாக ஏற்றிச் செல்லப்படவில்லை. நிபந்தனைகளை அறிந்தே ஒப்பமிட்டார். ஊரில் பெறமுடியாத ஊதியத்தைப் பெற்றார். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிட்டார். இருதரப்பும் நன்மையடைந்த ஓர் உடன்பாட்டைக் குறைகூற மூன்றாமவருக்கு என்ன உரிமையுண்டு? இதுவே அவ்வாதம்.

இவ்வாதத்தை நான் நூல்களிற் கற்பதற்கு முன்னரே வீட்டிற் கேட்டுள்ளேன். என் தாயார் எட்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தவர். எங்கள் லயத்துக் காம்பராவிலிருந்து நான் பல்கலைக்கழகம் வரை வந்தது அவ்வுழைப்பினாலேயே. அக்காலம் முழுவதும் அவரது கடவுச்சீட்டு எசமானியின் அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்தது. அவர்கள் உங்களைத் துன்புறுத்தினார்களா என ஒருமுறை வினவினேன். இல்லை, நல்ல மனிதர்கள் என்றார். சற்று நேரங்கழித்து, அவர்கள் நல்லவர்களாய் அமைந்தது என் அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்.

அவ்விரண்டாவது வாக்கியத்திலேயே இப்பிரச்சினையின் உட்கிடை அடங்கியுள்ளது. பிலிப் பெற்றிற் என்னும் மெய்யியலாளர் 1997இல் வெளியிட்ட 'குடியரசுவாதம்' என்ற நூலில், சுதந்திரமென்பது பிறர் தலையிடாதிருத்தல் மாத்திரமன்று, பிறரது ஆதிக்கத்துக்கு உட்படாதிருத்தலே எனக் காட்டினார். கருணையுள்ள எசமானனும் எசமானனே. அவன் அடிக்காதிருப்பது அவனது விருப்பம்; அடிமைக்குள்ள உரிமையன்று. என் தாயாருக்கு எவ்விதத் தீங்கும் நேரவில்லை. ஆயினும் தீங்கு நேரின் கதவைத் திறந்து வெளியேறும் ஆற்றல் அவரிடம் இருக்கவில்லை. நல்வாழ்வு கிடைத்தது, அது உரிமையாகவன்றி அதிர்ஷ்டமாகவே கிடைத்தது.

அவ்வாறாயின் அவரது சம்மதத்தின் நிலை யாது? ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் எழுதிய 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில், ஒருவன் தன்னையே அடிமையாக விற்கும் ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் பெயரால் நியாயப்படுத்தவியலாது என்றார். அவ்வொப்பந்தம் பின்னர் எதனையும் தெரிவுசெய்யும் ஆற்றலையே அழித்துவிடுகின்றது என்பதே அவர் காட்டும் காரணம். இரண்டாண்டு ஒப்பந்தம் அடிமைத்தனமன்று என்பது மெய்யே. எனினும் மில்லின் காரணம் ஓரளவிற்கு இங்கும் பொருந்தும். சம்மதமென்பது ஒப்பமிடும் கணத்தோடு முடிந்துவிடுவதன்று. விலகிச் செல்லக்கூடிய ஒருவர் விலகாதிருப்பதன் மூலம் நாடோறும் அது புதுப்பிக்கப்படுகின்றது. விலகும் வழி அடைக்கப்பட்டபின் எஞ்சுவது முதல்நாட் சம்மதத்தின் நினைவு மாத்திரமே.

இது எமக்குப் புதியதோர் அனுபவமன்று. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர், கடனோடேயே தோட்டத்தினுள் நுழைந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல 'துண்டு' எனப்பட்ட சீட்டொன்று தேவைப்பட்டது. கடனைப் புதிய தோட்டம் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்பதே அச்சீட்டின் சாரம். 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின்படி, உரிய முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு விலகுதல் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அன்றும் அவர்கள் தாமே விரும்பி வந்தனர் என்றே சொல்லப்பட்டது. 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அன்றைய துண்டும் இன்றைய அனுசரணைக் கடிதமும் எல்லாவகையிலும் ஒன்றல்ல. ஆயினும் உழைப்பவன் எங்கு உழைக்கலாமென்பதை அவனை உழைப்பிப்பவனே தீர்மானிக்கும் தத்துவம் இரண்டிற்கும் பொதுவானது.

இங்கு மற்றோர் ஆட்சேபம் எழலாம். தன் எல்லையினுள் எவரை அனுமதிப்பதென்பதைத் தீர்மானிப்பது அரசின் உரிமையன்றோ? 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் எந்நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமையை ஏற்கின்றதேயன்றி, எந்நாட்டினுள்ளும் நுழையும் உரிமையைக் கூறவில்லை. இம்மானுவேல் கான்ற் 1795இல் எழுதிய 'நிரந்தர சமாதானம்' என்ற நூலிலும் அந்நியனுக்கு அளிக்கப்படுவது வருகைதரும் உரிமையே; குடியிருக்கும் உரிமையன்று. இவற்றை ஏற்றுக்கொள்வோம். எனினும் ஒருவரை அனுமதிப்பதா என்பது ஒரு வினா. அனுமதித்தவரை எவ்வாறு நடத்துவது என்பது பிறிதொரு வினா. முன்னையதில் அரசுக்குள்ள அதிகாரம், பின்னையதில் அதனைத் தனிமனிதரொருவரிடம் கையளிக்கும் அதிகாரமாகிவிடாது. எல்லைகளை வகுக்கும் சமூகத்தின் உரிமையை வலியுறுத்திய மைக்கல் வோல்சரே, 1983இல், விருந்தினர் தொழிலாளரை உழைக்க வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு அப்பால் நிறுத்திவைப்பது கொடுங்கோன்மையின் ஒரு வடிவமென வாதித்தார்.

பிரித்தானியா 2022 பெப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்குக் கதவைத் திறந்தது. 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தினரை உடனழைத்து வருவதைத் தடுத்தது. 2025 ஜூலையில் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்சேர்ப்பதையே நிறுத்தியது. பிறர் வீட்டு முதியோரைப் பராமரிக்க வந்தவர் தம் குழந்தையை உடன்வைத்திருக்க இயலாத நிலையை, ஒப்பந்தம் என்ற சொல்லால் மாத்திரம் நியாயப்படுத்திவிட முடியுமா?

மாற்றுவழி இல்லையென்பதும் உண்மையன்று. 2006இல் இஸ்ரேலின் உயர் நீதிமன்றம், வெளிநாட்டுத் தொழிலாளரைத் தனியொரு தொழில்தருநருடன் பிணைக்கும் ஏற்பாடு அவர்தம் மனித கௌரவத்தையும் சுதந்திரத்தையும் மீறுகின்றதெனத் தீர்ப்பளித்தது. அவுஸ்திரேலியா 2024 ஜூலையில், தொழிலை விட்டவர் வேறோர் அனுசரணையாளரைத் தேடுவதற்கான காலத்தை 180 நாட்களாக நீட்டியது. எல்லைகளைத் திறந்துவிடாமலே விலங்கைத் தளர்த்த இயலும் என்பதற்கு இவை சான்றாகும்.

எமது அரசும் பொறுப்பிலிருந்து விலகவியலாது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 1990ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1996இல் இலங்கை ஏற்றது. தொழிலாளர் அனுப்பும் டொலரை எண்ணுகின்ற ஒரு நாடு, அவர்கள் எந்நிபந்தனையின் கீழ் அதனை ஈட்டினர் என்பதையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.

செல்லாதீர்கள் எனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. என் தாயார் சென்றிராவிடில் இக்கட்டுரையை எழுத நான் இங்கு இருந்திரேன். நானும் ஒருநாள் விண்ணப்பப் படிவமொன்றை நிரப்பக்கூடும். அன்று ஊதியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னதாக, இத்தொழிலை நான் விடநேர்ந்தால் எத்தனை நாட்கள் அந்நாட்டில் நிற்கலாம், எவரது சம்மதமின்றி வேறிடம் செல்லலாம், என் கடவுச்சீட்டு எவரது அலுமாரியில் இருக்கும் என்று கேட்பேன். நல்ல எசமானர் வாய்ப்பது அதிர்ஷ்டம். எசமானர் நல்லவராயினும் அல்லராயினும் நிமிர்ந்து நிற்கக்கூடிய நிலையே சுதந்திரம். முன்னையதை நம்பி என் தாயார் சென்றார். பின்னையதைக் கேட்டுப் பெறுவதே எமது தலைமுறையின் கடமையாகும்.