பந்தும் பக்தியும்

கால்பந்துத் திடலின் கேலரியில் திரளும் கூட்டத்துக்குக் கொடி உண்டு, நிறம் உண்டு, பாட்டு உண்டு, பரம்பரைப் பகையும் உண்டு. இவை அத்தனையும் கோயில் திருவிழாவிலும் காணப்படுபவை. ஆகவே ரசிகனின் ஈடுபாடு ஒருவகைப் பக்தியா, அல்லது பக்தியின் வேடமிட்ட வெறியா என்பது சமயச் சிந்தனைக்கு உரிய கேள்வியாகிறது. அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்தை அடுத்த வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களில் இது ஏட்டுக் கேள்வியன்று. கத்தோலிக்கர் மிகுந்த அவ்வூரில் தேவாலயமும் இருக்கிறது, விளையாட்டைக் கல்வியின் அங்கமாகவே கருதும் சலேசிய சபையின் டான் போஸ்கோ பள்ளியும் இருக்கிறது.

கிறிஸ்தவ மரபு தொடக்கத்தில் இத்தகைய கூட்டங்களை ஐயத்தோடுதான் பார்த்தது. புனித அகுஸ்தினார் தம் ஒப்புகை நூலின் 6-ஆம் பாகத்தில் அலிப்பியுஸ் என்ற நண்பரின் கதையைச் சொல்கிறார். ரோம் நகரில் வாள்வீரர் மோதும் அரங்குக்குத் தோழர்கள் அவரை வற்புறுத்தி இழுத்துச் செல்கிறார்கள். அவர் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். காதை மூட மறந்துவிடுகிறார். ஒரு வீரன் விழுந்ததும் எழுந்த பேரிரைச்சல் அவரைக் கண் திறக்க வைக்கிறது. அதன்பின் அவரும் சேர்ந்து கத்துகிறார். மறுபடி வரும்போது பிறரையும் அழைத்து வருகிறார். அகுஸ்தினார் அஞ்சுவது ஆட்டத்துக்கு அல்ல, தனிமனிதனைக் கரைத்துவிடும் கூட்டத்துக்கு.

இதே கரைவைச் சமயத்தின் ஊற்றாகக் கண்டவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெம். மனிதர் ஒன்றுகூடும்போது தனித்தனியே எவருக்கும் இல்லாத ஓர் எழுச்சி பிறக்கிறது என்றும், அந்த எழுச்சியையே அவர்கள் புனிதமாக உணர்கிறார்கள் என்றும் 1912-இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். கொல்கத்தா மைதானம் இதற்கு நல்ல சான்று. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் கிளப் ஆங்கிலேயப் படையணி ஒன்றை 2-1 என வென்றது முதல் அங்கே கால்பந்து தேச உணர்வோடு கலந்தது. 1920-இல் அதன் போட்டி கிளப்பான ஈஸ்ட் பெங்கால் பிறந்தபின், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கும் மேற்கு வங்கத்தாருக்கும் இடையிலான வேறுபாடு கேலரி ஏறியது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று வெற்றிக்குப் படையலும் வகுக்கப்பட்டது. வங்காளப் புத்தாண்டு அன்று கோல்கம்பத்துக்கு மாலை சூட்டி, புரோகிதர் மந்திரம் சொல்ல, ‘பார் பூஜை’ நடத்தும் வழக்கம் அங்குள்ள கிளப்களில் உண்டு.

அதே மைதான வரலாறு அகுஸ்தினாரின் அச்சத்தையும் மெய்ப்பிக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் மோதியபோது கேலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தனர். அந்த நாளில் ரத்ததான முகாம் நடத்துவது பின்னர் வழக்கமாயிற்று. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் 1989 ஏப்ரல் 15 அன்று ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. நின்று பார்க்கும் கேலரிகள் அந்நாட்டின் உயர்மட்ட அரங்குகளிலிருந்து அகற்றப்பட அதுவே காரணமாயிற்று.

கேலரி நினைவுகளோடு அந்தந்தக் காலத்து இளைஞர்களின் கோலமும் சேர்ந்தே வருகிறது. இங்கிலாந்தில் 1960-களின் இறுதியில் மொட்டைத் தலையும் கனத்த பூட்ஸும் ஒரு கூட்டத்தின் அடையாளம். 1980-களில் விலையுயர்ந்த விளையாட்டு உடை இன்னொன்றின் அடையாளம். தமிழ்நாட்டில் 1970-களின் பெல்பாட்டமும் நீண்ட கிருதாவும் அத்தகையவை. பெரியவர்களின் கட்டுக்கு அடங்காத ஒரு பேச்சாகவே இளைஞர் இந்தக் கோலங்களைப் பூணுகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979-இல் எழுதினார். அந்தப் பேச்சைக் கேட்கப் பொறுமையில்லாத பெரியவர்கள் அதை ஒழுக்கக்கேடு என்றனர். அன்று அப்படித் திரிந்தவர்களே முதுமையில், இக்காலப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்கிறார்கள்.

இந்த இடத்தில், சலேசிய சபையை நிறுவிய டான் போஸ்கோ 1884 மே 10 அன்று ரோமிலிருந்து எழுதிய கடிதம் கவனத்துக்கு உரியது. தாம் கண்ட கனவொன்றை அதில் அவர் விவரிக்கிறார். பழைய மாணவர் ஒருவர் 1870-க்கு முந்தைய விளையாட்டுத் திடலைக் காட்டுகிறார்: ஓட்டமும் துள்ளலும் பாட்டும், பிள்ளைகள் நடுவே குருக்களும். இன்னொருவர் கடிதம் எழுதப்பட்ட காலத்துத் திடலைக் காட்டுகிறார்: தூணில் சாய்ந்தபடி சலித்து நிற்கும் பையன்கள், ஒதுங்கிப் பேசும் சிறு குழுக்கள், எட்ட நிற்கும் ஆசிரியர்கள். ‘அந்தக் காலம்போல வருமா’ என்ற ஏக்கமே இது. ஆனால் ஏக்கத்தோடு அவர் நிற்கவில்லை. பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று முடிக்கவுமில்லை. பெரியவர்கள் திடலைவிட்டு விலகியதைக் காரணமாகக் காண்கிறார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணரவும் வேண்டும். அதற்குப் பிள்ளைகள் விரும்புவதைப் பெரியவர்களும் விரும்ப வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர் வழியாகத் தமிழ் மண்ணில் பரவிய கல்வி முறையின் அடிப்படை இதுவே.

நேசிக்கப்படுவதை உணரும் பிள்ளை கூட்டத்தில் கரைவதில்லை, அறியப்படுகிறான். கூட்டத்தில் கரைவதற்கும் கூட்டத்தில் அறியப்படுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பக்தி மரபும் அறியும். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அடியார்களைப் பேர் சொல்லி வணங்குகிறது. சேக்கிழார் அதைப் பெரிய புராணமாக விரித்தார். கோடரி ஏந்திய எறிபத்தரும் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். 63 தனியடியாரோடு 9 தொகையடியாரும் அங்கே எண்ணப்படுகின்றனர். தனி ஆளும் கூட்டமும் அந்த வணக்கத்தில் ஒருசேர இடம்பெறுகின்றன.

பழைய ஆட்டங்களை நினைவுகூர்பவர்களும் கோல் கணக்கைவிட ஆட்களையே அதிகம் சொல்கிறார்கள்: எப்போதும் கோல்கம்பத்துக்குப் பின்னாலேயே நிற்பவர், ரெஃப்ரியைத் திட்டியே பேர் வாங்கியவர், மைக்கில் வர்ணனை செய்து வீரர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டியவர். இவர்களை நினைவில் வைத்திருக்கும் கேலரி, பக்கத்தில் நின்றவரை மனிதராகக் கண்ட கேலரி. எதிரணிச் சட்டை போட்டவரை வெறும் நிறமாக மட்டும் கண்டது வேறு கேலரி. அது வெறியின் பக்கம் சேரும். ரசிகனின் ஈடுபாடு சமயத்துக்கு மாற்றாகாது. ஆனால் பக்தியையும் வெறியையும் பிரிக்கும் கோடு கோயிலுக்கும் திடலுக்கும் இடையில் ஓடவில்லை, இரண்டுக்குள்ளும் ஓடுகிறது. கூட்டம் தன்னில் ஒருவரையும் எதிரில் நிற்பவரையும் பேர் சொல்லி அறிகிறதா என்பதே இரு இடத்திலும் உரைகல்.