முன்னோரைத் தேடுதலும் குலச்செருக்கும்

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழ்ந்துவரும் தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழியாக உழவர்கள். உத்தியோகம் ஏற்றுப் பட்டணம் சேர்ந்த பேரப்பிள்ளைகள் சிலர் இப்போது தம் குடிவழியை எழுதிவைக்க முனைகின்றனர். வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் ஒரு வினா எழுகிறது. உயிர் தான் செய்த வினையைத் தானே நுகரும்; தந்தை வினை மைந்தனைச் சாராது; இறந்தோர்க்குப் பிண்டமிடுதலும் நம் நெறியில் இல்லை. அங்ஙனமாயின், ஐந்து தலைமுறைக்கு முன் ஏர் பிடித்த ஒருவரை நாம் தேடுவது எதற்கு?

தேடுவோர்க்குக் கிடைப்பன பட்டா, செட்டில்மெண்ட் பதிவேடு, பழைய கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம் ஆகியனவே. தாமஸ் மன்றோ நிலைபெறச் செய்த இரயத்துவாரி முறையில் அரசு பட்டாதாரரிடம் நேரே தீர்வை வாங்கிற்று. ஆதலால் நிலமுடையார் பெயர் ஏட்டில் ஏறிற்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே ஊரில் அப்பாண்டை என்னும் பெயருடையார் நால்வர் இருக்கக்கூடும். தகப்பனார் பெயரையும் நிலத்தின் நான்கெல்லையையும் கொண்டே பிரித்தறிதல் வேண்டும். (பெண்மக்கள் பெயரோ, கணவரை இழந்து சொத்துக்கு உரியராகும்போதன்றி இவ்வேடுகளில் காண்பது அரிது.)

இவை காட்டுவது நிலத்தின் அளவை, மனிதரை அன்று. உழவு ஆதிபகவன் அருளிய அறுதொழில்களுள் ஒன்று. எனினும் உழவில் சிற்றுயிர்கள் மாள்வது தவிர்க்கவொண்ணாதது. அதனாலன்றோ, கருதிச் செய்யும் கொலையை இல்லறத்தார்க்கு அறவே விலக்கி, தொழில்வழி நேரும் இம்சையைக் குறைத்துக்கொள்ளுமாறு பணித்தனர்! தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்திற்குக் குற்றமாகக் கூறும் ஐந்தையும் நோக்குக: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஏர்மாட்டையும் பண்ணையாளையும் கண்முன் நிறுத்திச் சொன்னவை போல் இருக்கின்றன. பாட்டனார் எருதுக்கு உரிய வேளையில் தவிடு வைத்தாரா என்பதை எந்தப் பட்டா சொல்லும்?

அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லையென 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அறிவித்தது. கடனுக்குக் கட்டுண்ட படியாள் முறையோ அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டுகளை அடுத்துப் பாட்டனார் பட்டாவில் ஐந்து காணி கூடியிருப்பின், விற்றவர் யார், எத்தனை மரக்கால் கேழ்வரகுக்கு விற்றார் என்று கேட்க வேண்டாமா? ‘தம் உழைப்பால் நிலம் பெருக்கினார்’ என்று அவ்விடத்தில் எழுதிவிடுதல் எளிது. ஆபத்தும் அங்கேதான்.

அவர் வினை நம்மைச் சாராது என்பது மெய். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும் வினை கட்டும் என்பதும் நம் கொள்கையே. அவர் செய்ததை ஆராயாது புகழ்ந்து மகிழும் உள்ளம் அதற்கு உடன்பட்ட உள்ளம். அவ்வுடன்பாடு அவருடையதன்று, நம்முடையது. எண்வகைச் செருக்கினுள் குலச்செருக்கை வைத்ததும் இது கருதியே போலும். அந்நிலத்தின் விளைவை உண்பவரும், அதை விற்ற பணத்தில் படித்தவரும் நாம்தாமே? அவ்வகையில் நாம் தேடுவது அவரை மட்டுமன்று, நம் கைப்பொருள் வந்த வழியையும்தான்.

ஆதலின், ஊருக்குச் செல்வோர் ஜினாலயத்தில் வணங்கி, வட்டாட்சியர் அலுவலகத்தில் படியெடுத்துத் திரும்பிவிடாது, அந்நிலத்தில் உழைத்தோரின் பேரர்களையும் கண்டு பேசுக. கூலி நெல் அளந்த மரக்கால் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு வழங்கிவரக்கூடும்.