நட்ட கொட்டையும் பறித்த பழமும்

வீடியோ கேம் இசையை எடுத்து ரசிகர்கள் தாங்களே மாற்றி அமைக்கும் ரீமிக்ஸ்களைப் பற்றிக் கேட்பவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் நிற்கிறது. கிட்டார் தூக்கலாக இருக்கிறது, டிரம்ஸ் ஒரே இரைச்சல், நடுவில் இழுவை என்பதெல்லாம் ருசியைப் பற்றிய பேச்சு. அவரவர் காதைப் பொறுத்தது. "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அது இல்லை" என்பது அப்படியல்ல. பாராட்டிக்கொண்டே ஒன்றை மறுக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு மாறினாலும் அதே பொருளாக இருக்கும், எந்த இடத்தில் வேறாகிவிடும் என்பது தத்துவத்தில் மிகப் பழைய வழக்கு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவர், தாம் அறியாமலேயே அதற்கு மறுபடி நம்பர் போட்டு விசாரணைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். அவருடைய வழக்கு நிற்காது என்பது என் கட்சி. ஆனால் அவருடைய ஆதங்கம் பொய்யல்ல.

"அது" என்று அவர் சுட்டுவது ஓர் ஒலியை என்றால், அந்த ஒலியை முதலில் பிடித்துக் காட்ட வேண்டும். 1980களின் கேம் இசை பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட பாட்டு அல்ல. இந்தச் சேனலில் இந்தச் சுரம், இவ்வளவு நேரம் என்று சிப்புக்கு இட்ட உத்தரவுகளின் வரிசை. கேம் ஓடும் ஒவ்வொரு முறையும் கருவி புதிதாக வாசிக்கிறது. 1982இல் வந்த கமடோர் 64 கணினியின் ‘சிட்’ சிப்பை வடிவமைத்தவர் பாப் யானஸ். மூன்றே குரல்கள், அவற்றைச் செதுக்க ஒரு ஃபில்ட்டர். 6581 என்ற எண்ணுடைய அந்தச் சிப்பில் ஃபில்ட்டர் ஒன்றுபோல் இன்னொன்று அமையவில்லை. இசையமைப்பாளர் ராப் ஹப்பர்ட் தம் கணினியில் கேட்டுச் சரி என்று விட்ட இசை இன்னொரு வீட்டில் மந்தமாகவோ கூர்மையாகவோ கேட்டிருக்கும். பின்னால் வந்த 8580 சிப்பில் குறை ஒன்றைச் சரிசெய்தார்கள்; அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் இசையமைப்பாளர்கள் டிரம்ஸ் சாம்பிள்களை ஒலிக்கவைத்திருந்தார்கள் என்பதால், சிப் தேறியது, டிரம்ஸ் அமுங்கிப்போனது. 1991இல் வந்த ‘சோனிக்’ கேமின் கதையும் இதுதான். மசாட்டோ நகமுரா அமைத்த அந்த இசை, நொடிக்கு 60 படம் காட்டும் ஜப்பானிய டிவியில் ஒரு வேகத்தில் ஓடியது; நொடிக்கு 50 படம் காட்டும் ஐரோப்பிய டிவியில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து போனது. சுருதி ஏறக்குறைய அப்படியே, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்துவிட்டது. லண்டன் சிறுவனுக்கும் டோக்கியோ சிறுவனுக்கும் தங்கள் வீட்டில் கேட்டதுதான் மூலம். இருவரில் யாரைப் பொய் சொல்கிறார் என்பது?

ஒலி இல்லையென்றால் எழுத்துதான் மூலம், அந்த உத்தரவு வரிசைதான் பாட்டு என்று ஒருவர் வாதிடலாம். தத்துவவாதி நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட நூலில் கிட்டத்தட்ட இந்த நிலைக்குத்தான் வந்தார்: எழுதப்பட்ட இசையில் ஒரு சுரம் தவறினாலும் வாசித்தது அந்தப் படைப்பு அல்ல. கேட்க விபரீதமாக இருந்தாலும், ஒவ்வொரு சுரமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் ஒரு படைப்பு இன்னொன்றாகிவிடும் என்ற அவருடைய பயம் நியாயமானது. ஆனால் எழுத்தை அப்படியே காப்பது என்றால் என்ன? மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும், கையில் இருப்பது ஒரே சேனல் என்கிறபோது, அந்தக் கால இசையமைப்பாளர் மூன்றையும் நொடிக்கு 50 முறை மாற்றி மாற்றி அந்தச் சேனலில் ஓடவிட்டார். காதுக்கு அது ஒரு கூட்டுச்சுரம் போலவும் கேட்கும், நடுங்கும் ஒற்றைக் குரல் போலவும் கேட்கும். ரீமிக்ஸ் செய்கிறவர் அந்த இடத்துக்கு வரும்போது கை நிற்கிறது. இசையமைப்பாளர் வேண்டியது கூட்டுச்சுரம், வசதியில்லாமல் நடுக்கம் வந்தது என்று கருதினால் வயலின் கூட்டத்தை உட்காரவைத்து அமைதியாக இழுக்கவிடலாம். நடுக்கம்தான் பாட்டு என்று கருதினால் அதே சலசலப்பைப் புதுக் கருவியில் கொண்டுவர வேண்டும். எழுத்தில் இருப்பது ஓடும் சுரங்கள், உத்தேசத்தில் இருந்தது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். ஒன்றுக்கு விசுவாசமாக இருந்தால் மற்றதற்குத் துரோகம்.

அப்படியானால் இசையமைப்பாளரின் மனத்தையே மூலமாகக் கொள்ளலாமே என்பது அடுத்த தரப்பு. இதற்குச் சரியான சோதனை, 1994இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த ‘டாங்கி காங் கன்ட்ரி’. நீருக்கடியில் நடக்கும் கட்டங்களுக்கு டேவிட் வைஸ் அமைத்த ‘அக்வாட்டிக் ஆம்பியன்ஸ்’ ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் இசை. அந்தக் கருவியில் இசைக்கென்று இருந்த நினைவகம் மொத்தமே 64 கிலோபைட். வாத்தியங்களின் சாம்பிள்களை நசுக்கி அதற்குள் அடைக்க வேண்டும். பிற்காலத்தில் சில ரசிகர்கள் அந்தச் சாம்பிள்கள் எந்தெந்த சிந்தசைசரிலிருந்து வந்தவை என்று தேடிப் பிடித்து, நசுக்காத ஒலியை வைத்து முழு இசையையும் மறுபடி கட்டினார்கள். ‘மீட்கப்பட்ட வடிவம்’ என்று பெயரும் வைத்தார்கள். இப்போதுதான் வைஸ் மனத்தில் கேட்டது நமக்குக் கேட்கிறது என்றார்கள் ஒரு சாரார். துடைத்துத் துடைத்து உயிரையும் துடைத்துவிட்டீர்கள் என்றார்கள் இன்னொரு சாரார். எனக்கு இரண்டாம் சாரார் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நசுங்கிய பிறகு எப்படிக் கேட்கும் என்று தெரிந்தேதான் ஓர் அமைப்பாளர் சாம்பிளைத் தேர்ந்தெடுக்கிறார். தறியை மறந்து நெசவாளி நெய்வதில்லை. எனவே மீட்டது என்று சொல்லப்படுவதும் ஒரு ரீமிக்ஸ்தான், தொல்லியல் துறைச் சட்டை போட்டுக்கொண்ட ரீமிக்ஸ். வைஸின் மனமோ ஓரிடத்தில் உறைந்து நிற்கவில்லை. அந்த வரிசையின் இரண்டாம் கேமுக்கு ரசிகர்கள் 2010இல் ஒரு ரீமிக்ஸ் தொகுப்பு கொண்டுவந்தபோது, அவரே அதில் சேர்ந்து வாசித்தார்.

ஒலியிலும் இல்லை, எழுத்திலும் இல்லை, கர்த்தாவின் மனத்திலும் இல்லை என்றால் பாட்டு எங்கேதான் இருக்கிறது? கேள்வியே தவறு என்று சொன்ன ஒருவர் உண்டு. பாலி மொழியில் உள்ள ‘மிலிந்த பன்ஹா’வில், மெனாண்டர் என்ற கிரேக்க வம்ச அரசனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் உரையாடல் நடக்கிறது. செத்தவனும் மறுபடி பிறந்தவனும் ஒருவனா, வேறா? அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை என்கிறார் நாகசேனர். வேறு ஆள் என்றால் பழைய வினையிலிருந்து அவன் தப்பித்துவிட மாட்டானா என்று அரசன் மடக்க, ஒரு மாம்பழத் திருடனைக் கொண்டுவருகிறார். பிடிபட்டவன் சொல்கிறான்: இவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு, இவருடைய பொருளை நான் தொடவே இல்லை. தண்டனை உண்டா இல்லையா? உண்டு என்கிறான் அரசன், ஏனென்றால் இந்தப் பழம் அந்தக் கொட்டையிலிருந்து வந்தது. கொட்டையும் பழமும் ஒன்று என்று யாரும் அங்கே சாதிக்கவில்லை. உருவமும் ருசியும் வேறு. ஆனால் வந்த வழி ஒன்று. அந்த வழியே ஒரு பாத்தியதையை உண்டாக்கிவிடுகிறது. ரீமிக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. கேட்பவர் பார்க்க வேண்டியது இது அதேதானா என்பதையல்ல, அதிலிருந்து வந்ததா என்பதை. அப்படி வந்தது என்றால் மாற்ற உரிமை உண்டு, யார் நட்டது என்று சொல்லும் கடனும் உண்டு. நட்டவர் என்று நாம் நினைக்கிறவரும் பல சமயம் எங்கிருந்தோ பறித்தவர்தான்: 1989இல் கேம்பாயில் வந்த ‘டெட்ரிஸ்’ஸின் பிரசித்தமான மெட்டு, நெக்ராசோவின் 1861ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து பிறந்த ரஷ்ய நாட்டுப்பாடல், அதே கேமின் இன்னொரு மெட்டு பாஹினுடையது.

வந்தால் போதும் என்றால் எதையும் ரீமிக்ஸ் என்று விற்றுவிடலாமே, ஒரு மெட்டைக் கேட்ட உற்சாகத்தில் சம்பந்தமில்லாத பாட்டு எழுதியவனும் வாரிசு கொண்டாடுவானே என்பது வலுவான ஆட்சேபம். வெறும் காரணத் தொடர்பு போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். மாங்கொட்டையிலிருந்து மாம்பழம் வர வேண்டும். வழியை அடையாளம் காணும்படி ஏதாவது கூடவே வந்து சேர வேண்டும். எவ்வளவு என்பதற்கு அளவுகோல் இல்லை. இந்த வழக்கை அன்றாடம் விசாரிக்கிறவர்களும் அளவுகோல் இல்லாமல்தான் காலம் தள்ளுகிறார்கள். 1999இல் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் என்ற ரசிகர் அமைப்பில் வந்து சேரும் படைப்புகளை நடுவர்கள் கேட்டு வாக்களிக்கிறார்கள். மூல மெட்டு தெரிய வேண்டும், அதுவே மேலோங்கியும் இருக்க வேண்டும். அதே சமயம் பழைய ஒலியை நல்ல கருவியில் திருப்பி வாசித்தால் மட்டும் ஏற்பதில்லை. அப்படியே இருந்தாலும் தள்ளுபடி, அடையாளம் தெரியாவிட்டாலும் தள்ளுபடி. நாகசேனரின் ‘அதுவும் இல்லை, வேறும் இல்லை’ இங்கே சேர்க்கை விதியாகவே ஆகியிருக்கிறது. 2008இல் கேப்காம் தன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கேம் ஒன்றைப் புதுப்பித்தபோது இசையை இந்த ரசிகர்களிடமே ஒப்படைத்தது. அன்று அந்தக் கேமை முதன்முதலாகத் தொட்ட ஒருவருக்கு, ஆதியில் யோகோ ஷிமொமுரா அமைத்ததுதான் "அது இல்லை" என்று பட்டிருக்கும்.

பஸ்ஸில் போகிறவரின் ஆதங்கத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் இழந்தது சுரத்தையல்ல, அந்தச் சுரம் நடந்த இடத்தை என்று நினைக்கிறேன். கேம் இசைக்கு முடிவு கிடையாது. ஒரு சுற்று முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பி ஓடிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர் ஜெயித்தால், செத்தால், அலுத்துப்போய்ப் பட்டனை அணைத்தால்தான் நிற்கும். நிறுத்துவது பாட்டு அல்ல, கேட்பவரின் கை. ரீமிக்ஸில் கை வேண்டியதில்லை. நான்கு நிமிடத்தில் தானாக நின்றாக வேண்டும். அதனால் ரீமிக்ஸ் செய்கிற ஒவ்வொருவரும், எவ்வளவு பயபக்தியோடு ஒவ்வொரு சுரத்தையும் காப்பாற்றினாலும், மூலத்தில் இல்லவே இல்லாத ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேண்டியிருக்கிறது: முடிக்க வேண்டும். சிலர் ஒலியைச் சன்னமாக்கிக்கொண்டே போய் நழுவிவிடுகிறார்கள். நடுவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று முகம் சுளிக்கலாம். ‘அக்வாட்டிக் ஆம்பியன்ஸ்’ விஷயத்தில் மட்டும் நான் நழுவுகிறவர்கள் பக்கம். இசை எங்கோ நீருக்கடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம்தான் மேலே ஏறி வந்துவிட்டோம் என்று அவர்களாவது ஒப்புக்கொள்கிறார்கள்.