எரிவது யார் படகு?

சீடன்: ஐயா, வந்த படகைக் கொளுத்திவிட்டுப் போரிட்டவனே வென்றான் என்கிறார்கள். திரும்ப வழி வைத்துக்கொள்ளாதவன்தானே உறுதியானவன்?

குரு: சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் நின்று இதைச் சொல்லிப் பார். ‘யார் படகு?’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சீடன்: 1519இல் மெக்சிகோ கரையில் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் செய்தது அதுதானே?

குரு: அவன் கொளுத்தவில்லை, கப்பல்களைத் தரைதட்ட வைத்தான். கியூபாவுக்குத் திரும்ப நினைத்த வீரர்களின் வழியை அடைத்தான். உறுதி அவனுக்கு, கட்டாயம் அவர்களுக்கு.

சீடன்: தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டவர் எவருமில்லையா?

குரு: திருவொற்றியூர்க் கதையைக் கேள். சங்கிலியாரை மணக்க, ‘பிரியேன்’ என்று சிவனடியார் சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னிதியில் சத்தியம் செய்கிறேன், அந்நேரம் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவனோ, மகிழடியில் சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார்.

சீடன்: வாக்குக் கொடுக்கும் முன்பே தப்பும் வழியைத் தேடியிருக்கிறார்!

குரு: பிறகு திருவாரூர் நினைவு இழுக்க, வாக்கை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். பார்வை போயிற்று. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் என்கிறது பெரியபுராணம்.

சீடன்: கண்தான் திரும்பிவிட்டதே! அவருக்கு மீள வழி இருந்ததே!

குரு: அவருக்கு இருந்தது. வாக்கை நம்பிய சங்கிலியாருக்கு? அவராவது கேட்டு வாங்கிய வாக்கு அது. யாரும் கேட்காமலே இழந்தவர்கள் இந்தக் கரையில் உண்டு.

சீடன்: யாரைச் சொல்கிறீர்கள்?

குரு: 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். 1881 புயல் அதை உடைத்தது; மீண்டும் கட்டினார்கள். வடக்கே நகரும் மணல் சுவருக்குத் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. மணல் வரத்து நின்ற ராயபுரத்திலும் அதற்கு வடக்கேயும் கடல் கரையைத் தின்றது. பாறை கொட்டித் தடுத்தால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது.

சீடன்: அப்படியானால் துறைமுகமே கட்டியிருக்கக் கூடாதா?

குரு: அப்படிச் சொல்லவில்லை. அதை நம்பிப் பிழைப்பவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் ஆதாயம் ஊருக்கெல்லாம், கரை போனது குப்பத்துக்கு மட்டும். முடிவெடுத்தவர் வீட்டு வாசலுக்கு அலை வரவில்லை.

சீடன்: மீள முடியாத முடிவை எடுக்கவே கூடாதா?

குரு: எடுக்கலாம். தவறினால் நட்டம் உன்னுடையது என்றால் துணிந்து எடு, அது வீரம். நட்டம் அடுத்தவருடையது என்றால் அவர் சம்மதத்தை முதலில் கேள். கேட்காமல் எடுப்பதற்கு உறுதி என்று பெயரில்லை, அது அநியாயம்.