யாருடைய உழைப்பில் நமது ஓய்வு?

கோடை விடுமுறை என்றதும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மலைகளே முதலில் நினைவுக்கு வரும். வெயில் ஏறினால் ஏற்காடு. இல்லையேல் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை. பரந்த நீரைப் பார்க்க விரும்பினால் மேட்டூர் அணை. படகில் ஏறிப் பார்க்க விரும்பினால் காவிரியின் அக்கரையிலுள்ள நெரிஞ்சிப்பேட்டைக்குச் செல்லும் பூலாம்பட்டித் துறை. கடல் நமக்குத் தொலைவானது. நம் குழந்தைகளில் பலர் அதனை முதன்முதலாகக் கண்டது வேளாங்கண்ணித் திருப்பயணத்தின் போதுதான்.

அந்த நிலை இப்போது மெல்ல மாறி வருகிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதல்வர் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. சிங்கப்பூர் சென்று அங்கிருந்து கப்பலேறும் குடும்பங்களும் உண்டு. நீச்சல் குளம், கலையரங்கம், உணவகங்கள், சிறுவர்க்கென்று தனி விளையாட்டிடம் என எல்லாம் அமைந்த மாளிகையொன்று கடலில் மிதந்து செல்வதைப் படத்தில் கண்ட பிள்ளைகள், நாம் எப்போது போவோம் என்று கேட்கிறார்கள்.

பிள்ளைகளோடு இத்தகைய விடுமுறைக்குச் செல்வது முறையா? இரண்டு விடைகள் உடனே கிடைக்கின்றன. ஏழைகள் நிறைந்த நாட்டில் இது வீண் ஆடம்பரம் என்பது ஒன்று. உழைத்துச் சேர்த்த பணம், யாரைக் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே அவசர விடைகள். கேள்வியை ஆராயும் வேலையிலிருந்து நம்மை விடுவிப்பதுதான் இரண்டும் செய்யும் காரியம்.

முதலில், ஓய்வு இழிவானதன்று. விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குச் சென்று திரும்பி, மீண்டும் அடுப்பின்முன் நிற்கும் தாயை எண்ணிப் பாருங்கள். 'நாளைக்கு என்ன சமைப்பது?' என்னும் கவலையில்லாத மூன்று நாட்கள் அவளுக்குக் கிடைப்பதை அற்பமென்று யார் சொல்ல முடியும்? ஏற்காட்டுக்கோ கன்னியாகுமரிக்கோ குடும்பமாகச் செல்லும்போது, மூட்டை கட்டுபவளும் சோறு பிசைந்து ஊட்டுபவளும் அவளாகவே இருக்கிறாள். கப்பலில் மட்டுமே அந்தச் சுமை இறங்குகிறது. ஆகவே அந்தப் பயணத்தை விரும்புவோரை நாம் எளிதில் பழிக்கலாகாது.

ஆனால் இறங்கிய சுமை எங்கே போயிற்று? அது மறைந்துவிடவில்லை, வேறொருவர் தோளுக்கு மாறியிருக்கிறது. நம் படுக்கையை விரிப்பவர், தட்டை எடுப்பவர், நள்ளிரவில் தளத்தைக் கழுவுபவர் என்று ஒரு சிற்றூரே அக்கப்பலில் உழைக்கிறது. அவர்கள் உறங்கும் அறைகள் பெரும்பாலும் கீழ்த்தளங்களில், சாளரமின்றி அமைந்தவை. உலகின் சொகுசுக் கப்பல்களில் இவ்வாறு உழைப்போரில் பிலிப்பைன்சு, இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாட்டவர் மிகப் பலர். ஒப்பந்தக் காலம் முடியும் வரை பல மாதங்கள் அவர்கள் வீடு திரும்புவதில்லை. 2006-இல் உருவாகி, 2015-இல் இந்தியாவும் ஏற்புறுதி செய்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்தப் பணியாளரையும் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இவற்றைச் சட்டமாக எழுதி வைக்கும் தேவை ஏன் எழுந்தது என்பதைச் சிந்தித்தாலே அவ்வாழ்வின் கடுமை விளங்கும்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் கப்பல் சப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் தொற்று நோயின் காரணமாகத் தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் 3,711 பேர் இருந்தனர். பயணிகள் தத்தம் அறைகளுக்குள் அடைபட்டிருந்தபோது, வாயில்தோறும் உணவு கொண்டு சென்றவர்கள் பணியாளர்களே. அவர்களுக்குத் தனியறை இல்லை. ஒன்றாகவே உண்டு, ஒன்றாகவே உறங்கினர். அக்கப்பலில் இருந்த 138 இந்தியரில் 132 பேர் பணியாளர்கள். ஒரே கப்பலில் சென்றாலும் எல்லோரும் ஒரே பயணம் செல்வதில்லை என்பதை அந்நாட்கள் உலகிற்குக் காட்டின.

இந்த உண்மை நமக்குப் புதியதன்று. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் வாழும் பிள்ளைகள் இதை நன்றாகவே அறிவார்கள். எரிவாயு டேங்கர் லாரியோடும் சரக்கு லாரியோடும் வடமாநிலங்களுக்குச் சென்ற தந்தை வாரக்கணக்கில் திரும்பார். ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு தோண்டச் சென்றவரோ மாதக்கணக்கில் திரும்பார். முதல் நற்கருணை நாளுக்கு அப்பா வருவாரா என்று கேட்டு நிற்கும் குழந்தை நம் பங்குகளிலும் உண்டு. ஊரார் வீட்டு அடுப்பு எரிவதற்காக ஒரு தந்தை தம் வீட்டை விட்டு விலகியிருக்கிறார். அதுபோலவே, நம் பிள்ளை கப்பலின் நீச்சல் குளத்தில் விளையாட, எங்கோ மணிலாவிலோ கோவாவிலோ ஒரு பிள்ளை தன் தாயைச் செல்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கப்பலேறாமல் இருப்பதுதான் அறமோ? அவ்வாறு சொல்லிவிடவும் இயலாது. 2020-இல் சொகுசுக் கப்பல்கள் நின்றபோது அப்பணியாளர்கள் வாழ்வு சிறக்கவில்லை. வேலையும் ஊதியமும் இழந்தார்கள். எல்லா வகைக் கப்பல்களையும் சேர்த்து ஏறத்தாழ 4 இலட்சம் கடற்பணியாளர்கள் ஒப்பந்தம் முடிந்தும் கரையேற முடியாமல் தவித்தார்கள். லாரியை நிறுத்திவிட்டால் ஓட்டுநரின் பிள்ளை தந்தையைப் பெறும். ஆனால் பள்ளிக் கட்டணத்தை இழக்கும். நாம் விலகி நிற்பதனால் மட்டும் ஒருவருக்கும் நன்மை விளைந்துவிடாது. அதே வேளையில், கட்டணத்தைச் செலுத்திவிட்டதால் நம் கடன் தீர்ந்தது என்பதும் உண்மையன்று. பணம் ஒருவரது உழைப்பு நேரத்திற்கு விலையாகலாம். அவரை நாம் காணாதிருப்பதற்கு உரிமையாகாது.

திருவிவிலியத்தின் ஓய்வுநாள் கட்டளை இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. ஓய்வைக் குடும்பத் தலைவருக்கு மட்டும் அது தரவில்லை. மகனையும் மகளையும் சொல்லி, அதே மூச்சில் பணியாளரையும் கால்நடையையும் வீட்டில் தங்கும் அந்நியரையும் சொல்கிறது. எகிப்தில் நாமும் அடிமைகளாய் இருந்தோம் என்னும் நினைவை அதற்குக் காரணமாக இணைச்சட்ட நூல் காட்டுகிறது. பிறர் களைப்பை மறந்த ஓய்வு முழுமையான ஓய்வன்று என்பதே அதன் உட்கருத்து. 1920-இல் கிளாஸ்கோ நகரில் கடற்பணியாளர்க்கெனக் கத்தோலிக்கர் தொடங்கிய திருப்பணி இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் பெயரில் உலகத் துறைமுகங்களில் நடைபெறுவதும், ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாக நினைவுகூரப்படுவதும் இக்கருத்தின் தொடர்ச்சியே.

ஆகவே கேள்வி, போகலாமா என்பதிலிருந்து, போகும் நம் பிள்ளைகள் அங்கே எதைக் கற்பார்கள் என்பதற்கு நகர்கிறது. விடுமுறையும் ஒரு பள்ளிக்கூடமே. கேட்டதெல்லாம் கைக்கு வரும் இடத்தில், சிலர் ஏவல் கேட்கவே பிறந்தவர்கள் என்னும் பாடத்தைக் குழந்தை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தைத் திருத்தும் பொறுப்பு உடன் செல்லும் பெற்றோருடையது.

அதற்குப் பெருஞ்செயல்கள் தேவையில்லை. அறையைத் தூய்மை செய்பவரின் பெயரைக் கேட்டறியவும், அப்பெயரால் அவரை அழைக்கவும் பிள்ளைக்குப் பழக்கலாம். எந்த ஊர், வீட்டில் யார் யார் உள்ளனர் என்று, அவர் விரும்பினால், கேட்கலாம். உண்ணக்கூடிய அளவே தட்டில் எடுக்கலாம். ஈரத் துண்டைத் தரையில் எறியாமல் இருக்கலாம். சிறுவர் விளையாட்டிடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு நாள் முழுவதும் தனித்து மகிழாமல், வேறு நாட்களில் கிடைக்காத நேரத்தை அவர்களுக்கு அளிக்கலாம். தந்தையோடு ஒரு நாள் முழுவதும் இருப்பது பல குழந்தைகளுக்கு எட்டாத செல்வம் என்பதை அறிந்த மண் நம்முடையது.

கப்பலுக்குச் செல்ல வசதியற்றோர் நம்மில் மிகப் பலர். அவர்களுக்கும் இது பொருந்தும். பூலாம்பட்டியில் விசைப்படகு ஓட்டுபவருக்கும், கொல்லிமலை வளைவுகளில் பேருந்தைத் திருப்பும் ஓட்டுநருக்கும், திருவிழா நாளில் உணவகத்தில் இலை எடுக்கும் சிறியவருக்கும் அன்று விடுமுறை இல்லை. இறங்கும்போது அவர்களுக்கு நன்றி சொல்லும்படி பிள்ளையிடம் சொல்வோம். நாம் சொல்வதைக் கேட்டபின் அதுவும் சொல்லும்.