அணியத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்

பக்க ஸ்ராண்ட் தரையை நம்பிச் செய்யப்பட்டது. வண்டி இடப்பக்கம் சற்றுச் சாய்கிறது. இரண்டு ரயர்களும் அந்த இரும்புக் காலும் சேர்ந்து பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. தரை அசையாதவரை அது போதும். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகில் ஏற்றிய கணத்திலிருந்து அது போதாது. தளம் வலப்பக்கம் சரியும்போது, இடப்பக்கம் சாய்ந்திருந்த வண்டி நிமிர்கிறது. நிமிர்ந்த வேகத்தோடு மறுபக்கம் விழப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் அதைத் தாங்க ஒன்றுமே இல்லை. அதனால் வண்டியை நிறுத்தியதும் நான் முதலில் போய் நிற்பது வலப்பக்கத்தில்.

*

புங்குடுதீவில் தார் வீதி முடிகிற இடம் குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவு பக்கத்தில்தான். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் இருக்க வேண்டும். ஆட்களுக்கு முன்பே சாமான்கள் ஏறிவிடுகின்றன: அரிசி மூட்டை, சீமெந்து, காஸ் சிலிண்டர், மரக்கறிக் கூடைகள். இடமிருந்து, படகுக்காரர் சம்மதித்தால், மோட்டார் சைக்கிளும் ஏறும். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். வெயிலில் நடந்து முடிக்கக்கூடிய இடம் அல்ல. அங்கே படிப்பிக்கப் போகிறவருக்கும், அலுவலகத்துக்குப் போகிறவருக்கும், மீன் வாங்கப் போகிறவருக்கும் வண்டி தேவைப்படுகிறது.

100 சிசி வண்டியே 110 கிலோவுக்குக் கிட்ட வரும். முன்சக்கரத்தில் இருவர், பின்னால் இருவர் பிடித்துத் தூக்குகிறார்கள். பாக்கு நீரிணையில் வற்றுப்பெருக்கு சிறியதுதான். ஆனாலும் காற்றடித்தால் படகுக்கும் துறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி நிலையாக இருப்பதில்லை. அது குறுகும் நொடிக்காகக் காத்திருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். எல்லாக் கைகளும் ஒன்றாய் எழுகின்றன. அவர்களில் பாதிப்பேர் படகில் வேலை செய்பவர்கள் அல்லர், பயணிகள். சைலன்சரில் கை பட்டுவிடக் கூடாதே என்று நான் எப்போதும் சற்று முன்னதாகவே வந்து எஞ்சினை ஆறவிடுகிறேன். தூக்குகிறவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை அது.

*

தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக்குப் போகும் படகு காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே போகிறது. படகின் முன்பக்கமான அணியம் எழும்பி விழும். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு வீச்சுத் தண்ணீர் உள்ளே வரும். வாடையில் குலுக்கம் வேறு மாதிரி. எந்தக் காற்றானாலும் கட்டும் முறை ஒன்றுதான்.

முதலாம் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்தினால் பின்சக்கரம் உருளாது. முன்சக்கரத்துக்கு அந்தக் காவல் இல்லை. பழைய சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டி, முன் பிரேக் லீவரை ஹாண்டிலோடு சேர்த்து இறுகச் சுற்றிவிட்டால் அதுவும் நிற்கும். பிறகு கயிறு. ஹாண்டிலுக்குக் கீழே, முன் போர்க்குகள் சட்டத்தோடு சேரும் கனமான பகுதியிலிருந்து இரண்டு பக்கமும் முன்னோக்கிக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். கட்டும்போது ஒருவர் ஹாண்டிலைத் தன் பாரத்தால் அழுத்த வேண்டும். முன் ஸ்பிரிங் பாதியளவு அமுங்கியிருக்கும்போது முடிச்சு விழுந்தால், ஸ்பிரிங்கே கயிற்றை இழுவையில் வைத்துக்கொள்ளும். முழுக்க அமுக்கினால் எண்ணெய் சீல் கெட்டுவிடும். பின்பக்கத்தைச் சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் கட்டினால் போதும்.

மிரளும் மாட்டைக் கட்டையாகக் கட்டுவார்கள். நீளக் கயிறு விட்டால் அது ஓடி எடுத்த வேகம் முழுவதும் முளையில் விழும். வண்டிக்கும் அப்படித்தான். தொய்வாகக் கட்டிய கயிறு கட்டாததைவிட மோசம், ஏனென்றால் கட்டியாயிற்று என்ற நிம்மதியையும் கொடுத்துவிடுகிறது. நைலோன் கயிறு பாரத்தில் நீளும்; நனைந்தால் இன்னும் நீளும். படகு புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் முடிச்சுகளை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

“அண்ணை, கண்ணாடியில கயிறு போடாதேங்கோ. ஹாண்டிலையும் லொக் பண்ணாதேங்கோ, இடம் மாத்த வேண்டி வந்தா என்ன செய்யிறது?” என்றான் படகில் வேலை செய்யும் தம்பி. அவன் போட்ட முடிச்சுக்கு எனக்குப் பெயர் தெரியாது. ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிறது. மற்ற நுனியை எவ்வளவு இழுத்தாலும் இறுகத்தான் செய்கிறது. கட்டுகிற பொறுப்பு நம்முடையது என்றாலும், எங்கே கட்டுவது, எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்பதில் கடைசிச் சொல் அவனுடையது. அந்தப் படகு எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பது அவன் கால்களுக்குத் தெரியும்.

*

ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவில் 1907 முதல் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. பந்தய நாட்களில் ஆயிரக்கணக்கான வண்டிகள் கப்பலில் அங்கே போகின்றன. பெரிய கப்பல்களில் வாகனத் தளத்து இரும்பிலேயே கட்டுவதற்கான பிடிகள் உண்டு. சீற்றின்மேல் மெத்தை வைத்து, அதற்கு மேலாகப் பட்டியைப் போட்டு இறுக்குகிறார்கள். கப்பல் புறப்பட்ட பிறகு பயணிகள் அந்தத் தளத்துக்கு இறங்கக் கூடாது. கட்டிய கைகளை நம்பி மேலே போய் இருக்க வேண்டியதுதான்.

எங்கள் படகில் அந்தத் தூரம் இல்லை. வண்டி கண்முன்னே நிற்கிறது. காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் ‘பாதை’ என்ற மிதவையில் இன்னும் நெருக்கம். அந்தத் தட்டையான மிதவையில் ஏறியவர் வண்டியைப் பிடித்தபடியே நிற்கிறார். சில நிமிடத்தில் மறுகரை வந்துவிடுகிறது.

*

நெடுந்தீவுப் படகில் ஒருமுறை, பக்கத்தில் ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்திருந்தார். அவருடைய காலுக்கும் என் வண்டியின் கால்மிதிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. டாங்கில் கீறல் விழாமல் உரப்பையை மடித்துக் கயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது, இந்தக் கயிறு முதலில் அவருக்காக என்று. விழுகிற வண்டிக்கு ஆகக்கூடியது உடைந்த லீவரும் நெளிந்த கால்மிதியும். அதன் கீழே அகப்படும் காலுக்கு ஆவது வேறு.

பெற்றோலையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். டாங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்தால், சாயும்போது மூடியிலுள்ள காற்றுத் துளையால் கசியும். காபரேற்றர் வண்டியானால் பெற்றோல் கொக்கையும் பூட்டிவிட வேண்டும். ஆட்கள் நெருங்கி இருக்கும் படகில் பெற்றோல் மணம் எழக் கூடாது.

மேல்தட்டில் ஏற்றும் ஒவ்வொரு வண்டியும் படகின் பாரத்தை மேலே கொண்டுபோகிறது. பாரம் மேலே போகப் போக, சாய்ந்த படகு நிமிர்வது தாமதமாகிறது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த எவரும் “இன்னும் ஒன்று ஏற்றலாம்” என்று லேசாகச் சொல்லக் கூடாது. இடமில்லை என்று படகுக்காரர் சொன்னால், வண்டியைத் துறையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

*

நடுக்கடலில் பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது. இந்தக் கடலில்தான், 1985 மே 15 அன்று, குமுதினி என்ற படகில் வந்துகொண்டிருந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவார் அந்த நாளை ஒவ்வொரு ஆண்டும் நினைவுகூர்கிறார்கள். இன்று அதே வழியில் ஒரு முடிச்சைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு என்னால் இருக்க முடிகிறது. அந்தக் கவலையின் சிறுமைக்கு நான் நன்றி சொல்கிறேன்.

*

உப்பைப் பற்றி. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அணியத்தில் நின்ற வண்டியில் தெறித்த தண்ணீர் காய்ந்த பிறகு வெள்ளைப் படலமாகத் தெரிவது அதுதான். காய்ந்துவிட்டதே என்று விட முடியாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் இரும்பு அரிக்கும். சங்கிலி, ஸ்போக் முனைகள், ஆணித் தலைகள், மின்கம்பி இணைப்புகள் என்று சின்ன இடங்களில்தான் முதலில் தொடங்கும். புறப்படுமுன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, வெளியே தெரியும் இரும்பில் மெல்லிய கிறீஸ் பூசுவது நல்லது. பிரேக் பக்கம் மட்டும் துளியும் படக் கூடாது. பிளாஸ்ரிக் உறையால் மூடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றில் அது பாயாகி வண்டியை இழுக்கிறது. உள்ளே புகுந்த உப்பையும் வெளியே விடுவதில்லை.

இறங்கியதும் கழுவ வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. பல கிணறுகளில் சவர்தான். குடிக்கத் தண்ணீர் சுமக்கிறவர்களின் வாசலில் நின்று வண்டி கழுவ வாளி கேட்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, திரும்பி யாழ்ப்பாணம் வந்த அன்றே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.